கந்தகத்தைத் தேடும் உப்பு

தாள்

லெட் அசிடேட் என்ற காரீய உப்புப் புட்டியின் மூடியைத் திருகினால் முதலில் வருவது லேசான வினிகர் வாடை. உள்ளே வெள்ளைப் படிகம். வடிநீரில் நிறமின்றிக் கரையும். குழாய்த் தண்ணீரில் போட்டால் அந்த நொடியே வெண்மையாகக் கலங்கும். தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டும் சல்பேட்டும் காரீயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நாக்கில் பட்டால் இனிக்கும் உப்பு இது. ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சிப் பாகெடுத்தார்கள். அந்தப் பாகின் இனிப்பில் இதற்கும் பங்குண்டு.

வடிதாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, நூற்றுக்குப் பத்து கரைசலில் நனைத்து உலர்த்தினால் சோதனைத் தாள் தயார். சல்பைடு உப்பின் மேல் நீர்த்த அமிலம் விட்டு, சோதனைக்குழாயின் வாயில் ஈரத் தாளைப் பிடித்தால் முதலில் பழுப்பு, பிறகு உலோக மினுக்கத்தோடு கறுப்பு. அழுகிய முட்டை வாடை மூக்குக்கும் எட்டும். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் மூக்கை நம்பக் கூடாது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கை எட்டினால் மோப்பம் மரத்துப்போய், வாடையே இல்லை என்று சொல்லும். ஆபத்து கூடக்கூட மூக்கு வாயை மூடிக்கொள்கிறது. தாள் கூடக்கூடக் கறுக்கிறது.

காரீய உப்புகளுக்கு ஆய்வகத்தில் பல வேலைகள் உண்டு. உற்றுப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே குணம்: கந்தகம், பாஸ்பேட் போன்ற சிலவற்றைக் கண்டால் பற்றிக்கொள்ளும், பற்றினால் விடாது. அந்தப் பற்றை யோசித்து எழுதிவைத்தவை இவை.

மாற்றமில்லை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பட்டு நூல் ஒரு துண்டு. சீப்பில் சிக்கிய தலைமுடி ஒரு துண்டு. இரண்டு சோதனைக்குழாய்களில் காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றித் தனித்தனியே காய்ச்சினால் இரண்டும் கரைந்துபோகும். இப்போது இரண்டிலும் சில சொட்டு லெட் அசிடேட். முடி கரைந்த குழாய் பழுப்பாகிக் கறுக்கும். பட்டு கரைந்த குழாய் அப்படியே இருக்கும்.

மாணவர்களுக்கு இந்த இரண்டாவது குழாய் பிடிப்பதில்லை. ரெக்கார்டு நோட்டில் ‘மாற்றமில்லை’ என்று எழுத வேண்டியிருக்கும்போது சோதனை கெட்டுவிட்டது என்றே நினைக்கிறார்கள். இன்னும் நாலு சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள். பட்டு மசிவதில்லை.

முடியும் கம்பளியும் கெரட்டின். அதில் சிஸ்டின் என்ற கந்தக அமினோ அமிலம் நிறைய உண்டு. கம்பளி எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கந்தகமே. முடியின் புரதச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து உறுதி தருபவை கந்தகப் பாலங்கள். பட்டின் ஃபைப்ராயின் வேறு வழியில் உறுதி தேடிக்கொண்டது. அதன் பெரிய சங்கிலியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 46 கிளைசின், 30 அலனின், 12 செரின். மிகச் சிறியவை என்பதால் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அடுக்குகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்குகின்றன. இந்த அடுக்கமைப்பை 1955இல் மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் விளக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜனின் மூவிழைப் பின்னலை வெளியிட்டிருந்தார்கள். கொலாஜன் இழையிலும் சிஸ்டின் கிடையாது. அந்தக் குழாயும் கறுத்திருக்காது.

துணியியல் பாடநூல்கள் கம்பளியையும் பட்டையும் பிரித்தறிய இந்தச் சோதனையைச் சொல்கின்றன. காஞ்சிபுரம் காந்தி ரோடில் இதனால் யாருக்கும் பயனில்லை. இங்கே பட்டில் கம்பளியைக் கலப்பவர் எவருமில்லை. போட்டி பாலியஸ்டரோடும் விஸ்கோஸோடும்தான். அதற்குக் கடைக்காரர் ஒரு நூலை எரித்து முகர்ந்து பார்ப்பார், அல்லது 2004இல் வந்த சில்க் மார்க் அட்டையைக் காட்டுவார். என்றாலும் எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். ஒரு பொருளில் என்ன இல்லை என்பதும் அதன் இயல்பைச் சொல்லும் செய்தி. ‘மாற்றமில்லை’ என்று எழுதத் தைரியம் வந்த மாணவன் பாதி வேதியியலைக் கற்றுவிட்டான்.

எடை

கச்சாப் பட்டைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைத்தால் மேலே படிந்திருக்கும் செரிசின் பிசின் கழன்றுபோகும். பிறகுதான் பளபளப்பு, பிறகுதான் சாயம் ஏறும். ஆனால் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு அந்த நீரோடு போய்விடும். எடைக்கு விலைபோகும் பொருளில் கால் பங்கு என்பது சின்ன விஷயமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சாயக்காரர்கள் இந்த இழப்பை உப்பு ஏற்றி ஈடுகட்டினார்கள். பெரும்பாலும் வெள்ளீய உப்பு; காரீய உப்பும் அந்த வேலைக்குப் பயன்பட்டது. கனத்த பட்டு கையில் நன்றாக விழும், தராசிலும் நன்றாக நிற்கும். சில ஆண்டுகளில் மடிப்போரமாக விண்டுபோகும். அந்தத் துணியில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சோதனையைத் தலைகீழாக்கினால் போதும்: சோடியம் சல்பைடு ஒரு சொட்டு. தேடுபவரும் தேடப்படுபவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். கறுப்பு அதே கறுப்பு.

ஜரிகை

“சார், பீரோவுல வெச்ச பொடவ, கட்டவே இல்ல. ஜரிக எப்டி சார் கருத்துப் போவுது?” பக்கத்து வீட்டு நெசவாளர் கேட்டார். கையில் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்த சேலை. முந்தியில் விரல் வைத்த இடங்களிலும் மடிப்பு விளிம்பிலும் மங்கலான தவிட்டு நிறம்.

அசல் ஜரிகையில் நடுவே பட்டிழை, அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, மேலே மிக மெல்லிய பொன் பூச்சு. பொன் கந்தகத்தைச் சட்டை செய்யாது. வெள்ளி செய்யும். பூச்சு தேய்ந்த இடத்தில் காற்றிலிருக்கும் துளியளவு சல்பைடு போதும், வெள்ளி சல்பைடு படியும். சோதனைத் தாளில் நொடியில் நடப்பது ஜரிகையில் பல ஆண்டுகளில் நடக்கிறது. “காத்துலயா இருக்குது அது?” என்றார். காற்றிலும் இருக்கிறது அண்ணே, ரப்பர் பேண்டிலும் இருக்கிறது, பக்கத்தில் மடித்துவைத்த கம்பளிச் சால்வையிலும் இருக்கிறது என்றேன்.

பட்டுச் சேலையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றிவைக்கும் வழக்கம் இந்த வேதியியலோடு முரண்படவில்லை. பருத்தியும் கந்தகமில்லாத இழை. அருங்காட்சியகங்களில் இதையே முறையாகச் செய்கிறார்கள். காட்சிப் பேழைக்குள் வைக்கப்போகும் துணி, பலகை, பசை ஒவ்வொன்றையும் வெள்ளி, காரீயம், செம்புத் தகடுகளோடு மூடிய குடுவையில் 60 டிகிரி வெப்பத்தில் 28 நாட்கள் வைத்துப் பார்ப்பார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் தொடங்கிவைத்த முறை அது. வெள்ளித் தகடு கறுத்தால் அந்தப் பொருளில் கந்தகம். காரீயத் தகடு வெளுத்துப் பொரிந்தால் அமில ஆவி.

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாள் முழுக்க விரல்கள் தடவிக்கொண்டே இருப்பதால் வெள்ளியில் கறுப்பு படிவதற்குள் துடைபட்டுவிடுகிறது. பீரோவில் இருக்கும் சேலைக்கு அந்த வசதி இல்லை.

இலைச்சாறு

தமிழ்நாட்டில் தாவரவியல், உயிர்வேதியியல் முதுகலை ஆய்வேடு எதைப் புரட்டினாலும் ஒரு பட்டியல் இருக்கும். ஏதோ ஒரு மூலிகை, துத்தியோ தூதுவளையோ. நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலிலும் நீரிலும் சாறெடுத்து, ஆல்கலாய்டு உண்டா, சப்போனின் உண்டா என்று வரிசையாகச் சோதித்துக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் லெட் அசிடேட்டுக்கு நிரந்தர இடம். சாற்றில் சில சொட்டு விட்டதும் தயிர்த்திரளாக வீழ்படிவு வந்தால் ஃபீனால் சேர்மங்கள், டானின்கள். மஞ்சளாக வந்தால் ஃபிளேவனாய்டு.

ஒரு சொட்டில் கிடைக்கும் விடை என்பதால் கவர்ச்சி அதிகம். ஆனால் காரீயம் பலவற்றோடு வீழ்படியும்; வெறும் குளோரைடும் சல்பேட்டும் இருந்தாலும் வெள்ளையாகத் திரளும். கூட்டல் குறி ஒரு சந்தேகத்தின் தொடக்கம்தான். அதை முடிவு என்று எடுத்துக்கொண்ட பட்டியல்களே அதிகம்.

சர்க்கரை ஆலைகளிலும் இதே குணம்தான் பயன்பட்டது. கரும்புச் சாறு கலங்கலாக இருந்தால் போலாரிமீட்டரில் ஒளி ஊடுருவாது. கார லெட் அசிடேட் போட்டால் புரதம், நிறமி, பிசின் எல்லாம் திரண்டு அடியில் இறங்கும். வடிகட்டினால் தெளிந்த சாறு. சர்க்கரையை மட்டும் அது தொடுவதில்லை. இப்போது பல இடங்களில் காரீயமில்லாத தெளிப்பான்களுக்கு மாறிவிட்டார்கள்.

மூச்சு

செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதில் ஒரு சங்கடம். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம் லேசான அணுக்கள். எலக்ட்ரான்கள் அவற்றை மதிக்காமல் ஊடுருவிப் போய்விடும். திரையில் சாம்பல் மூட்டம் மட்டும். அணு எண் 82 கொண்ட காரீயம் குறுக்கே நின்றால் எலக்ட்ரான்கள் சிதறும், அந்த இடம் இருட்டாகத் தெரியும். சவ்வுகளிலும் ரைபோசோம்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும் லெட் சிட்ரேட் சாயத்துக்கு எட்வர்ட் ரெனால்ட்ஸ் 1963இல் எழுதிய செய்முறையே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

1.33 கிராம் லெட் நைட்ரேட், 1.76 கிராம் சோடியம் சிட்ரேட், 30 மில்லி லிட்டர் வடிநீர். நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் அவ்வப்போது குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாலாகக் கலங்கியிருக்கும் அதில் 8 மில்லி லிட்டர் நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் தெளிந்துவிடும். 50 மில்லி லிட்டர் ஆக்கிக்கொள்ளலாம். பிஎச் 12.

இதன் எதிரி நம் மூச்சு. வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு கரைசலில் பட்டால் லெட் கார்பனேட் துகள்கள் உருவாகி, 70 நானோமீட்டர் கனத்தில் சீவிய துண்டின் மேல் கரும்புள்ளிகளாக உட்காரும். பிறகு எது ரைபோசோம், எது அழுக்கு என்று தெரியாது. அதனால் வடிநீரை முன்பே கொதிக்கவைத்து வாயுவை விரட்டுகிறார்கள். மெழுகுத் தாள் விரித்த தட்டில் சாயச் சொட்டுகளை வைத்து, சுற்றிலும் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் பரப்பி மூடுகிறார்கள். காற்றில் இருப்பதை அவை உறிஞ்சிக்கொள்ளும். மூன்று மில்லி மீட்டர் அகலச் செம்பு வலைத்தட்டை இடுக்கியில் பிடித்து, மூடியைத் தூக்கி, சொட்டின் மேல் கவிழ்த்து, மூடியை வைக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார்கள். எந்தக் குருவும் சொல்லாமல் ஆய்வக மேசை கற்றுத்தந்த கும்பகம் இது.

இடம்

ஒரு நொதி இருக்கிறது என்று அறிவது ஒன்று, செல்லில் எங்கே இருக்கிறது என்று அறிவது வேறு. ஜார்ஜ் கோமோரி 1941இல் இதற்குக் காரீயத்தை அழைத்தார். திசுவின் சீவலை கிளிசரோபாஸ்பேட்டும் லெட் நைட்ரேட்டும் உள்ள அமிலக் கரைசலில் வைத்தால், அமில பாஸ்பட்டேஸ் நொதி இருக்கும் இடத்தில் பாஸ்பேட் விடுபடும். விடுபட்ட இடத்திலேயே காரீயம் அதைப் பிடித்து லெட் பாஸ்பேட்டாகப் படியவைக்கும். அது வெள்ளை; கண்ணுக்குத் தெரியாது. பிறகு அம்மோனியம் சல்பைடு விட்டால் படிந்த இடமெல்லாம் கறுக்கும். நொதியின் முகவரி கிடைத்துவிட்டது. கிறிஸ்டியன் டி டுவ் 1955இல் லைசோசோமை அறிவித்த பிறகு, அதை நுண்ணோக்கியில் அடையாளம் காண இந்த முறைதான் பெரிதும் உதவியது.

இதில் ஒரு முள் உண்டு. காரீயம் கூடிவிட்டால் தான் தேடிவந்த நொதியின் வேலையையே குறைத்துவிடும். அளவு குறைந்தால் பாஸ்பேட்டைப் பிடிக்காது. கூடினால் பாஸ்பேட்டே வராது.

பொன்

கறுப்பையே எழுதிக்கொண்டிருக்கிறேன். காரீயம் பொன்னாகும் ஒரு நேரமும் உண்டு. லெட் நைட்ரேட்டில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் பளிச்சென்று மஞ்சள். அதை நீரோடு கொதிக்கவைத்தால் கரைந்து நிறமற்றுப் போகும். குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், ஆற ஆறப் பொன் தகடுகள் மினுங்கிக்கொண்டு இறங்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் ‘ஜரிகை’ என்பார்கள். அதைவிட நல்ல உவமை எனக்கும் தெரியாது. அவசரப்பட்டுக் குழாயைத் தண்ணீரில் முக்கியவர்களுக்கு வெறும் மஞ்சள் தூள்தான் கிடைக்கும்.

ரத்தம்

தாளைக் கறுக்கவைக்கும் அதே பற்று உடம்புக்குள் வேறு வேலை பார்க்கிறது. ரத்தத்தில் ஹீமைக் கட்டும் பாதையில் அலாடு என்றொரு நொதி. அதன் மையத்தில் ஒரு துத்தநாக அணு. மூன்று சிஸ்டீன்களின் கந்தகங்கள் அதைப் பிடித்திருக்கின்றன. காரீயம் அங்கே வந்தால் துத்தநாகத்தை வெளியே தள்ளிவிட்டு, அந்த மூன்று கந்தகங்களையும் தான் பிடித்துக்கொள்ளும். நொதி நிற்கும். ஆய்வகத்தில் நாம் கைதட்டி வரவேற்கும் திறமையும் குழந்தையின் ரத்தத்தில் நாம் அஞ்சும் நஞ்சும் ஒரே குணத்தின் இரண்டு விளைவுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க முடியாது.

சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையில் ரத்தக் காரீயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அளவு கூடிய குழந்தைகளிடம் கவனக் குறைவும் கூடியிருந்தது. அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய எல்லையாக இப்போது வைத்திருப்பது 3.5. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் காரீயப் பெட்ரோல் 2000த்தில் நின்றது. வீட்டுப் பெயின்டுக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு 2017இல் நடைமுறைக்கு வந்தது.

மருந்தும் கந்தகத்திலிருந்தே வருகிறது. சக்சிமர் என்ற மருந்தின் மூலக்கூறில் இரண்டு கந்தகக் கைகள். உடம்பின் கந்தகத்தைவிட இது காரீயத்துக்கு வசதியான இடம். பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறும். சண்டை போட்டு விரட்டாமல், இன்னும் பிடித்த இடத்தைக் காட்டி அழைத்துப்போகிறது.

குளம்

குளம் வற்றும் கோடையில் அடிச்சேற்றைக் குச்சியால் கிளறினால் மேலே சாம்பல், உள்ளே மை கறுப்பு. காற்றில்லாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக்க, அங்கிருக்கும் இரும்பு அதைப் பிடித்து இரும்பு சல்பைடாகிறது. நுண்ணுயிர் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வெளியிடும் பாக்டீரியாவைக் கண்டறிய வளர்ப்புக் குழாயின் பஞ்சு அடைப்பில் லெட் அசிடேட் தாளைச் செருகித் தொங்கவிடுவார்கள். குளமோ காரீயமில்லாமலே அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறது.

குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் 1982இல் குடிநீரில் மலக் கலப்பைக் கண்டறிய எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். பெப்டோன், தயோசல்பேட், இரும்பு உப்பு, கொஞ்சம் டீப்பால் என்ற சலவைத் திரவம் ஆகியவற்றில் தோய்த்து உலர்த்திய தாள், ஒரு சிறு புட்டி. 20 மில்லி லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கதகதப்பாக வைத்தால், கலப்பு இருந்தால் ஓரிரவில் கறுக்கும். கிராமத்துப் பெண்கள் கையில் கொடுக்கலாம். நஞ்சு பற்றிய கவலை இல்லை. கூர்மையில் காரீயம் ஒரு படி மேல். ஆனால் வீட்டுத் திண்ணையில் வைக்கும் புட்டிக்கு இரும்பின் கூர்மை போதும்.

கழிவு

காஞ்சிபுரத்தில் காரீயக் கரைசலை எந்த வாஷ்பேசினில் ஊற்றினாலும் அது கால்வாய்க்குப் போகும். சாயப்பட்டறைகளின் நீரைப் பார்த்த வேகவதிக்கு வேதிப் பொருள் புதிதல்ல. அது கூடுதலாக ஊற்ற ஒரு காரணமாகாது. காரீயக் கழிவுக்குத் தனி ஜாடி வைக்க வேண்டும். நிறைந்ததும் காரமாக்கிக்கொண்டு சல்பைடு சேர்க்க வேண்டும். அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவே கிளம்பிவிடும். ஜாடி முழுக்கக் கறுத்து, கறுப்பு அடியில் இறங்கும். வடித்து, உலர்த்தி, பெயரெழுதி, அபாயக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படைக்கலாம்.

அந்தக் கறுப்பு லெட் சல்பைடு. ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுக்கும் கலீனா தாதுவும் லெட் சல்பைடுதான். பூமிக்கடியில் கந்தகத்தோடு சேர்ந்திருந்ததைப் பிரித்து, உருக்கி, அமிலத்தில் கரைத்து, வெள்ளை உப்பாக்கிப் புட்டியில் அடைத்து, கடைசியில் பழைய கந்தகத்தோடு சேர்த்துவைக்கிறோம். நடுவில் அது கரையும் நிலையில் இருக்கும் சில நாட்கள்தான் பயன், அந்த நாட்கள்தான் ஆபத்து. அந்த இடைவெளியை நீட்டுவதும் குறைப்பதும் மட்டுமே நம் கையில் இருக்கிறது. ஐந்து மில்லி லிட்டர் ஊற்றிய சோதனைகளை இப்போது தட்டில் ஒற்றைச் சொட்டாகச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். கறுப்பு அதே தெளிவோடு தெரிகிறது. இரண்டாவது சொட்டு எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் புட்டியைக் கொடுக்கிறேன்.